வால் சைக்கிள்

சாயங்காலம் தோட்டத்தில் அறுத்த வாழை இலையைக் கட்டுவது சுயம்புவின் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஓலைச்சாய்ப்பில் நனைத்த சாக்கை விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வான். கிழிசல் இல்லாத தலைவாழை ஒரு பக்கம், ஓரம் கிழிந்தது இன்னொரு பக்கம். நடுநரம்பை உள்ளங்கையால் பதமாக அழுத்தி, ஒடியாமல் மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஊறப்போட்ட வாழைநாரால் மூன்று இடத்தில் இறுக்குவான். அவன் மனைவி தாணம்மாள் தண்ணீர்ச் சட்டியோடு பக்கத்தில் குந்தியிருந்து தெளித்துக்கொடுப்பாள். வேலை நடக்கும்போது அவன் பேசமாட்டான். அவள் பேசுவாள்.

"நாளைக்கும் வெயிலேறித்தான் போறியளா?"

"பின்ன?"

"அப்போ நல்லாத் தெளிக்கேன். சந்தைக்குப் போய்ச்சேருகதுக்குள்ள வாடிப்போவும்."

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தக் கேள்வியும் இல்லை, அந்தப் பதிலும் இல்லை. அப்போது சுயம்பு வெயிலையே பார்க்காமல் வடசேரி சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான்.

தெரிசனங்கோப்பிலிருந்து வடசேரிக்கு இலை கொண்டுபோனவர்கள் ஏழு பேர். எல்லாரும் சைக்கிள்காரர்கள். கருக்கலில் கிளம்பி, பூதப்பாண்டி, இறச்சகுளம், புத்தேரி வழியாக, கல்யாண வீட்டுக்காரர்களும் ஓட்டல்காரர்களும் சந்தைக்கு வருவதற்குள் கட்டைப் பிரித்து வைத்துவிட வேண்டும். பின்னால் கேரியரில் ஆள் உயரத்துக்குக் கட்டு, முன்னால் ஹேண்டில்பாரில் இரண்டு கட்டு. பின்னாலிருந்து பார்த்தால் மனுஷன் தெரியமாட்டான். சக்கரம் முளைத்த வாழைப்புதர்தான் தெரியும். அவனாலும் திரும்பிப் பார்க்க முடியாது.

ஏழு சைக்கிளுக்கும் சேர்த்து விளக்கு ஒன்றுதான். ஒவ்வொரு சைக்கிளுக்கும் விளக்கு வேண்டும் என்பது சட்டம். ஆனால் மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடு. அது கிடைத்தாலும் ஆனி ஆடிக் காற்றில் திரி நிற்காது. அதனால் எல்லாரிலும் மூத்த பகவதியப்பன் மட்டும் விளக்கேற்றி முன்னால் போவார். மற்றவர்கள் ஒட்டினாற்போல் பின்தொடர்வார்கள். புத்தேரி முக்கில் போலீஸ் நின்றாலும் முதல் விளக்கைப் பார்த்ததும் கையை அசைத்துவிடும். பகவதியப்பனுக்கு 'விளக்கு' என்று பெயர். கடைசியில் வருபவனுக்கு 'வால்' என்று பெயர். வால் சுயம்பு.

வாலுக்கு வேலை உண்டு. பின்னால் பஸ்ஸோ லாரியோ வந்தால் "வருதேய்" என்று குரல் கொடுக்க வேண்டும். அவனுக்கு முன்னால் போகிறவன் அதை வாங்கி முன்னால் கொடுப்பான். குரல் பகவதியப்பனிடம் போய்ச் சேரும்போது ஏழு சைக்கிளும் தார் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கியிருக்கும். சுயம்புவுக்குக் காது கூர்மை. இறச்சகுளத்தில் போகும்போதே, பூதப்பாண்டி ஏற்றத்தில் முக்குவது பஸ்ஸா, மலையிலிருந்து மரத்தடி ஏற்றிவரும் லாரியா என்று சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கெறுவும் உண்டு.

பேச்சும் அதே வரிசையில்தான் போகும். பகவதியப்பன் முன்னால் ஒரு கதையை எடுத்துவிடுவார். யார் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நடுவே இலை தீர்ந்தது, எந்தச் சம்பந்தி மரவள்ளி இலையைப் போட்டுக் கொடு என்று குதித்தார், இந்த மாதிரி. அது ஒவ்வொரு சைக்கிளாகப் பின்னால் வந்து சுயம்புவிடம் சேரும்போது மற்றவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். பிறகு அவன் தனியாகச் சிரிப்பான். "வாலுக்கு இப்பத்தான் போய்ச் சேந்திருக்கு" என்று அவன் சிரிப்பைக் கேட்டு எல்லாரும் இன்னொரு தடவை சிரிப்பார்கள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் காற்று வல்லாத்த மூர்க்கமாக அடித்தது. புத்தேரிக் குளத்துக் கரையில் ரோடு வெட்டவெளியாகக் கிடக்கும். காற்றுக்குக் கட்டெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. காதைச் சுற்றி இலைச் சத்தத்தைத் தவிர சுயம்புவுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. தடி லாரியின் இரைச்சலும் கேட்கவில்லை. கேரியரில் பட்ட இடி அவனைத் தூக்கிக் குளத்து மறுகால் கலுங்குக் கல்லில் எறிந்தது.

லாரி ஓட்டி வந்தவன் ரசலையன், மார்த்தாண்டம் பக்கத்து ஆள். அவன் ஓடிப்போகவில்லை. கிளீனரும் அவனுமாகச் சுயம்புவைத் தூக்கி முன்சீட்டில் கிடத்தி, ரத்தம் வந்த தலையைத் தன் துண்டால் சுற்றி, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான்.

முன்னால் போன ஆறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. காற்றில் வாலின் குரல் வராமல்போவது புதிதல்ல. பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இறங்கி வழி விட்டார்கள். ஒருவன் கட்டோடு சேற்றில் சரிந்தான். பகவதியப்பன் லாரியைப் பார்த்துக் காறித் துப்பினார்.

"ஒங்கப்பன் வெட்டின ரோடாலே" என்று கத்தினார்.

அந்த லாரிக்குள், கிளீனர் மடியில் தலைவைத்து, சுயம்பு கிடந்தான். அவனுக்கு வழி விட்டுவிட்டுத்தான் அவர்கள் சந்தைக்குப் போனார்கள். வாலைக் காணவில்லையே என்று தேடியது கட்டு இறக்கின பிறகுதான்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பகவதியப்பன் கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஏட்டு வருவாரு. எல்லா வண்டியிலயும் வெளக்கு இருந்துன்னு சொல்லணும், கேட்டியா. நாங்க ஆறு பேரும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கோம். லாரிக்காரன் ஒறங்கிட்டான்னும் சொல்லியிருக்கு."

"அவன் ஒறங்கல்ல அண்ணாச்சி."

"ஒனக்கு எப்படித் தெரியும்? முதுகுலயா கண்ணு?"

"வழியெல்லாம் எம்பேரக் கேட்டுக்கிட்டே வந்தான். அவன் துண்டு இது."

பகவதியப்பன் அந்தத் துண்டைப் பார்த்தார். "துண்டு குடுத்தா ஆச்சா? நீ செத்திருந்தா துண்டையா தாணம்மா உடுத்துவா?"

மறுநாள் ஏட்டு வந்தார். மலையாளத்துக்காரர். காகிதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தன்றெ சைக்கிளில் வெளக்குண்டாயிருந்நோ?"

சுயம்பு மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தான். தாணம்மாள் அவனைப் பார்த்தாள்.

"இல்ல ஏமானே. முன்ன போறவருக்கு மட்டும்."

அவ்வளவுதான். ரசலையன்மேல் வழக்கு நிற்கவில்லை. இலைக்காரர்கள் ஆறு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், விளக்கில்லாமல் ஓட்டியதற்கும் பொய் எழுதிக் கொடுத்ததற்கும். மற்றவர்களுக்குத் தண்டத்தோடு போயிற்று. வரிசைக்கு முன்னால் போனவர் என்பதால் பகவதியப்பன் மட்டும் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெயில் உச்சிக்கு வரும்வரை ஸ்டேஷன் வராந்தாவில் நிற்க வேண்டியிருந்தது. சந்தைக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவருக்கு மூன்று பெண்கள், இரண்டு மருமகன்கள். ஒரு மருமகன் அந்த வழியாகத்தான் போனான்.

வழக்கு முடிந்த பிறகு ரசலையன் ஒரு செவ்வாழைக் குலையோடு தெரிசனங்கோப்புக்கு வந்தான். தாணம்மாள் அவனை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவனாகவே உரல்மேல் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரிஞ்சில்ல அக்கா. பச்சையாட்டு ஒரு செவுரு வந்து முன்ன நின்னுது. பிரேக்க அமுக்கினேன். தடி ஏத்தின வண்டி, நின்னாத்தானே."

"செவுருக்குள்ள ஒரு மனுசன் இருந்தான்."

"ஆமா." அவன் மடியிலிருந்து காகிதப் பொதியை எடுத்தான். லாரிக்குப் பின்பக்கம் இருக்கிற சிவப்புக் கண்ணாடி, பழையது. "ஏட்டு சொல்லுக வெளக்கு நீங்க பாக்கதுக்காக்கும். இது நான் பாக்கதுக்கு. கட்டுக்கு வெளிய நீட்டி வைக்கணும். எங்க லைட்டு பட்டா மின்னும்."

சுயம்பு கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தாணம்மாள் காப்பி போட உள்ளே போனாள்.

தலைக்காயம் ஆற நாலைந்து மாதம் ஆயிற்று. சடக்கென்று திரும்பினால் கிறங்கும். காற்றடித்தால் உள்ளே ஒரு இரைச்சல் கேட்கும். மற்றபடி காதுக்கு ஒன்றுமில்லை. இன்னொரு அடி தலையில் பட்டால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சைக்கிள் ஏறக்கூடாது என்று தாணம்மாள் சொல்வாள் என்று ஊரில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. வாழையையும் சைக்கிளையும் விட்டால் இந்த மனுஷன் சாய்ப்பில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பான், அதைவிட ரோடு தேவலை என்று அவள் நினைத்திருக்கலாம். இலவம்பஞ்சைப் பழைய வேட்டியில் திணித்து, திரித்திரியாகத் தைத்து, அதைக் கமுகம்பாளைத் தொப்பிக்குள் வைத்து, தாடைக்குக் கீழே கட்ட நாடாவும் வைத்தாள்.

"இதப் போட்டா சைக்கிள். இல்லன்னா சைக்கிளு கெணத்துல."

"ஊரு சிரிக்கும்டி."

"ஞாயித்துக்கிழமை நிழல்தாங்கல்ல கும்பிடப் போவும்போ அய்யாவுக்கு முன்ன தலப்பா கெட்டாம நிப்பியளா? அய்யா ஒண்ணும் ஒங்கள வந்து இடிக்கமாட்டாரு. இடிக்கவனுக்கு முன்ன மொட்டத் தலையோட போவியளா?"

ஊர் சிரித்தது. காப்பிக் கடையில் ஒருவன், "சுயம்பு, தலையில கூடு கெட்டிட்ட. முட்ட எப்போ?" என்றான். "ஒம்பொண்டாட்டி வந்து அடகாத்தா நாளைக்கே" என்று சுயம்பு சொல்லியிருக்கலாம். பழைய சுயம்பு சொல்லியிருப்பான். இப்போது வெறுமனே சிரித்துவிட்டு மிதித்தான்.

தொப்பி அவனுக்குப் பாரமில்லை. வரிசையில் இடம் இல்லாததுதான் பாரம். பகவதியப்பன் அவனை வராதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவன் தேறி எழுந்த பிறகு முதல் நாள் கருக்கலில் கட்டேற்றி ரோட்டு முக்கில் போய் நின்றான். அவர்கள் வந்தார்கள். இப்போது ஆறு சைக்கிளுக்கும் ஆறு விளக்கு. மணி அடித்துக்கொண்டு, நிற்காமல், அவனைக் கடந்து போனார்கள். ஒருவனாவது நின்றால் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். யாரும் நிற்கவில்லை. மறுநாளும் போய் நின்றான். மூன்றாம் நாள் தாணம்மாள், "வெயிலேறிப் போங்க. வழி நல்லாத் தெரியும்" என்று சொல்லி, கட்டைச் சைக்கிளிலிருந்து அவளே இறக்கிவைத்தாள்.

அன்றிலிருந்து அவன் வெளிச்சத்தில் போகிறான். கட்டுக்கு வெளியே ஒரு மூங்கில் சிலும்பு நீட்டி, அதன் நுனியில் சிவப்புக் கண்ணாடியைக் கட்டியிருக்கிறான். பகலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. லாரியையும் பஸ்ஸையும் தனியாகவே கேட்டு, தனியாகவே மண்ணில் இறங்கி, தனியாகவே ஏறுகிறான். இறச்சகுளம் தாண்டும்போது, இலை விற்றுவிட்டு அவர்கள் எதிரே வருவார்கள். வெறும் சைக்கிள், இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டு. இவனைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை இவன் மணியடித்தான். இப்போது வாலாக வருகிற வைகுண்டராஜன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன், பதிலுக்கு மணியில் கைவைத்தான். பிறகு முன்னால் போகிற பகவதியப்பனின் முதுகைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

கருக்கலில் சுயம்புவுக்கு விழிப்பு வந்துவிடும். பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பான். முதலில் பகவதியப்பனின் இருமல் வரும். பிறகு மணிகள், கட்டுகளின் சலசலப்பு, யாரோ சொல்லும் கதையின் நடுத்துண்டு. கதை எங்கே தொடங்கியது, எங்கே முடியும் என்று அவனுக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் வளைவு திரும்புவது வரைக்கும் கேட்கும்.

"ஒறங்குங்க" என்பாள் தாணம்மாள், கண்ணைத் திறக்காமல்.

"வைகுண்டராஜன் லேட்டாக் கூப்பிடுதான்டி. லாரி வளைவு திரும்பின பொறவுதான் அவனுக்குக் கேக்குது."

"ஒங்களுக்கு இங்க கெடந்தே கேக்குதாக்கும்."

"கேக்குது."

அவனுக்குக் கேட்கும் என்பது அவளுக்கும் தெரியும். வேறொன்றும் தெரியும். ஆறு சைக்கிளுக்கும் முன்னால் விளக்கு இருக்கிறது. ஏட்டுக்கு அது போதும். கடைசிச் சைக்கிளுக்குப் பின்னால் இன்னும் இருட்டுதான்.

இந்த ஆனியில் ஒரு நாள் அப்படியே நடந்தது. பஸ்ஸோ லாரியோ தெரியவில்லை, வைகுண்டராஜனின் கட்டை உரசிக்கொண்டு போனது. அவன் குளத்து ஓரச் சேற்றில் விழுந்தான். இலையெல்லாம் நார் நாராகிவிட்டது, முழங்கை தோலுரிந்தது, அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி தாணம்மாளைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு, அந்தத் தொப்பியை எப்படித் தைப்பது என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் இலை கட்டாமல் சுயம்பு எழுந்தான்.

"எங்க?"

"அண்ணாச்சி வீட்டுக்கு."

தாணம்மாள் தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "சண்டைக்கா?"

"இல்ல. வாலுக்கு."

"அவரு கேக்கமாட்டாரு."

"கேட்டுப் பாக்கேன்."

பகவதியப்பன் உள்ளறையில் பாயில் உட்கார்ந்து, மறுநாளைக்குச் சைக்கிள் விளக்கின் திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். சுயம்புவைப் பார்த்ததும் அவர் மனைவி சண்முகவடிவு கதவோரம் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள்.

"இரி மக்கா. எத்தன நாளாச்சு இந்த வாசலுக்கு வந்து. தாணம்மா சொகமா?"

"சொகம் மைனி."

"தலயில தொப்பியக் காணமே."

"நடந்துல்லா வந்தேன்."

சண்முகவடிவு சிரித்தாள். பகவதியப்பன் சிரிக்கவில்லை. திரியைப் பார்த்தபடியே, "தல எப்படி இருக்கு?" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"காத்தடிச்சா கொஞ்சம் எரையும். வேற ஒண்ணுமில்ல."

சண்முகவடிவு கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். போகாமல் கதவில் சாய்ந்து நின்றாள்.

"வைகுண்டராஜன் சின்னப் பய அண்ணாச்சி" என்றான் சுயம்பு. "அவன நடுவுல போடுங்க. நான் வாலுக்கு வாறேன். எனக்கு வெளக்கும் இருக்கு, பொறத்த செவப்பும் இருக்கு. ஏட்டுக்கும் கொறையில்ல, லாரிக்காரனுக்கும் கொறையில்ல. கதையெல்லாம் எனக்கு வந்து சேரணும்னு இல்ல. சத்தம் மட்டும் குடுக்கேன்."

பகவதியப்பன் திரியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல ஒங்கள நிக்க வச்சது எனக்குத் தெரியும். அதுக்கு எங்கிட்ட பேசாம இருக்கிய, இருங்க. ரோட்டுல பேசாண்டாம். ஒங்க பின்ன ஒரு ஆளா வந்தா போதும்."

"சொல்லுங்களேன்" என்றாள் சண்முகவடிவு. "ஆமாம்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. மனுசன் வந்து இருக்கான்லா."

பகவதியப்பன் மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். ஊற்றவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணைக்கு லாரிக்குள்ள எனக்கு நெனவு இருந்து அண்ணாச்சி" என்றான் சுயம்பு. இதை அவன் தாணம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. "கண்ணுதான் தொறக்கல்ல. நீங்க எறங்கி வழி விட்டிய. ஒங்க மணி கேட்டு. நீங்க ஏசினதும் கேட்டு. நம்ம ஆளுக இஞ்சதான் நிக்காங்க, ஒரு சத்தம் குடுத்தாப் போதும்னு நெனச்சேன். வாயி வரல்ல."

பகவதியப்பன் புட்டியை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு விளக்கைத் தன் பக்கம் இழுத்து, அதன் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். முகத்தை உயர்த்தவில்லை.

சண்முகவடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே கோழிகளை அடைக்கும் சத்தம் கேட்டது. காப்பி ஆறிப்போனது.

"நாளைக்கு முக்குல நிக்கட்டா அண்ணாச்சி?"

துணி கண்ணாடிமேல் சுற்றிக்கொண்டே இருந்தது.

சுயம்பு பலகையிலிருந்து எழுந்து, அதைச் சுவரோரம் சாய்த்துவைத்து, தலையைக் குனிந்து நிலையைத் தாண்டி வெளியே போனான்.